கோப்பிலிருந்து வினவலுக்கு: பிழையின் மூலத்தைத் தேடிய வழிகள்

கோப்பு ஒன்றின் உள்ளடக்கத்தைப் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்க முற்படும்போது வினவல் பிழைபட்டு நின்றுவிட்டால், அப்பிழையின் மூலம் கோப்பில் இருக்கிறதா, அதைப் படித்த நிரலில் இருக்கிறதா, வினவல் எழுதப்பட்ட முறையில் இருக்கிறதா, அல்லது தரவுத்தள வழங்கியின் அமைப்பில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. வினவல் என்பது தரவுத்தளத்திடம் ஒன்றைச் சேர், தேடு, மாற்று என்று பணிக்கும் கட்டளைத் தொடர். எட்கர் காட் 1970இல் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்த பின், டொனால்டு சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட சீக்குவல் மொழியே இன்றைய எஸ்.க்யூ.எல். மொழியின் முன்வடிவம். கட்டளையும் தரவும் ஒரே எழுத்துத் தொடருக்குள் அடுத்தடுத்து நிற்கலாம் என்ற அதன் வசதியிலேயே பின்னாளைய சிக்கலின் ஒரு வேர் இருந்தது எனலாம்.

இக்கேள்வியை ஆராய, தென்திருவிதாங்கூரின் பழைய எல்லைப்புறம் பொருத்தமான களம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரும், அதன் தெற்கேயுள்ள பொழியூரும், தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கு எதிர்ப்புறமுள்ள பாறசாலையும் அவ்வட்டத்தில் அடங்கும். பொழியூரை அடுத்த கொல்லங்கோடு தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளக் கேரள ஆட்சிமொழிகள் சட்டம் இடமளித்துள்ளது. ஒரே குடும்பத்தின் பெயரும் நிலமும் ஒருபுறம் மலையாளத்திலும் மறுபுறம் தமிழிலும் பதிவாகும் இத்தகைய பகுதியின் கோப்புகள், ஆங்கிலத் தரவை மட்டும் கையாண்டவர்கள் எழுதிய தீர்வுகள் எங்கெங்கே போதாமற்போகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மேற்கோள் குறியைக் குற்றஞ்சாட்டியோர்

முதல் கட்சியினர் பிழையை வினவலின் இலக்கணத்தில் கண்டனர். எஸ்.க்யூ.எல். மொழியில் ஒரு சொற்சரம் ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் அடைக்கப்படும். கோப்பிலிருந்து படித்த உரையை அப்படியே அக்குறிகளுக்கு நடுவே ஒட்டும்போது, உரைக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி இருந்துவிட்டால், வழங்கி சரம் அங்கே முடிந்துவிட்டதாகக் கொண்டு எஞ்சியதைக் கட்டளையாகப் படிக்க முயல்கிறது. மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தில் 1064 என்ற எண்ணோடு வரும் இலக்கணப் பிழைச் செய்தி பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தது. அச்செய்தி பிழை நேர்ந்த இடத்தை அண்மித்த சில சொற்களையும் எடுத்துக்காட்டும். எனினும் அது வழங்கி குழம்பி நின்ற இடமேயன்றிக் குழப்பம் தொடங்கிய இடமன்று.

இதற்குச் சொல்லப்பட்ட முதல் மருந்து விடுபடுகுறி இடுதல், அதாவது உரையிலுள்ள ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னே பின்சாய்வுக் கோட்டைச் சேர்த்து, இது எழுத்தே, எல்லையன்று என்று வழங்கிக்கு உணர்த்துதல். பி.எச்.பி. மொழி இதைத் தானாகவே செய்துவிடும் வசதியைக் கொண்டிருந்தது. அதன் ஒரு கிளை கோப்புகளிலிருந்து படித்த தரவுக்கும் பின்சாய்வுக் கோடுகளை இட்டது. பயன் வேறாயிற்று. நிரலாளரும் தம் பங்குக்கு அதே குறியைச் சேர்த்தபோது உரையெங்கும் வேண்டாத கோடுகள் பெருகின. அவ்வசதி 2009இல் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2012இல் வெளிவந்த 5.4 பதிப்பில் நீக்கப்பட்டது. மேலும் சில கிழக்காசியக் குறியேற்றங்களில் பின்சாய்வுக் கோட்டின் பைட் வேறொரு எழுத்தின் இரண்டாம் பாதியாக விழுங்கப்பட்டுவிடும் என்பதும் பின்னர் வெளிப்பட்டது. எழுத்துகளைப் பைட் எண்களாக மாற்றும் முறையே குறியேற்றம். அதை அறியாமல் இடப்படும் விடுபடுகுறியை நம்ப இயலாது என்பதே இதிலிருந்து பெறப்பட்ட முடிவு.

இரண்டாம் மருந்து வினவலையும் தரவையும் பிரித்தே அனுப்புவது. வினவலில் தரவு வரவேண்டிய இடங்களைக் கேள்விக்குறியால் மட்டும் குறித்து முதலில் வழங்கிக்கு அனுப்பி, தரவைப் பின்னர் தனியே அனுப்பும் இம்முறை முன்தயாரித்த வினவல் எனப்படுகிறது. கட்டளைக்குள் தீய உரையைப் புகுத்தித் தரவுத்தளத்தைக் கைப்பற்றும் உத்தி 1998 டிசம்பரில் பிராக் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்டபின், பாதுகாப்புக்காகவும் இம்முறை வலியுறுத்தப்பட்டது. மேற்கோள் குறிச் சிக்கலை வேரோடு அகற்றுவதில் இதற்கு நிகரான தீர்வு இல்லை என்பதில் இன்று கருத்து வேறுபாடு குறைவு. ஆயினும் அட்டவணைப் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் இவ்வாறு தனியே அனுப்ப முடியாது. கோப்பே ஒரு கட்டளைத் தொகுப்பாக இருக்கும்போதும் இம்முறை உதவாது.

அந்தக் கடைசி நிலையில் தமிழுக்கே உரிய ஓர் இடர் உண்டு. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவில், ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில் புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் மேல் இடும் குறி, வைக்கப்பட்டிருந்தது. எஸ்.க்யூ.எல். மொழியிலோ அரைப்புள்ளியே ஒரு கட்டளையின் முடிவு. கட்டளைக் கோப்பை அரைப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வினவலாக அனுப்பும் எளிய நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. பாமினியில் தட்டிய தமிழ் உரை அவற்றுக்குள் சென்றால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வினவல் அறுபடும். தமிழில் மெய்யெழுத்து இல்லாத வரி அரிதாகையால் வரிதோறும் பிழை எழும். பிழைச் செய்தி இலக்கணத்தைக் குறை சொல்லும். உண்மைக் காரணமோ எழுத்துருவில் கிடக்கும்.

குறியேற்றத்தைக் குற்றஞ்சாட்டியோர்

இரண்டாம் கட்சி அங்கேதான் பிறக்கிறது. கோப்பில் இருப்பவை எழுத்துகள் அல்ல, பைட்கள். அவை எந்த எழுத்துகளைக் குறிக்கின்றன என்பது கோப்புக்கு வெளியே உள்ள ஓர் உடன்பாடு என்பது இவர்கள் நிலை. தமிழில் அந்த உடன்பாடு ஒன்றாக இருந்ததில்லை. இந்திய அரசின் இஸ்கி தரம் 1991இல் வந்தது. அதே காலத்தில் யூனிகோடின் முதல் பதிப்பும் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. இணையத் தமிழர் கூடி உருவாக்கிய டிஸ்கி ஒருபுறமும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்கள் மறுபுறமும் வளர்ந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அதற்கு மாற்றாகத் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்தது. மலையாளத்திலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் மலையாள வடிவங்களை வைத்த கார்த்திகா, ரேவதி போன்ற எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்கள் பெருகிக் கிடக்கின்றன. இக்கோப்புகளுள் எதையும் யூனிகோடு என்று கருதிப் படித்தால், ஒன்று வினவல் மறுக்கப்படும். அல்லது, அதைவிட மோசமாக, ஏற்கப்படும்.

மறுப்பதா ஏற்பதா என்பதில் தரவுத்தளங்கள் இரு கொள்கைகளைப் பின்பற்றின. அனுப்புவதில் கண்டிப்பும் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்று ஜான் போஸ்டல் 1980இல் இணைய நெறிமுறைகளுக்கு வகுத்த கொள்கையின் சாயல் மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தின் பழைய நடத்தையில் தெரிகிறது. புரியாத பைட் வந்தால் அதுவரை உள்ளதை வைத்துக்கொண்டு, எஞ்சியதை வெட்டி, ஓர் எச்சரிக்கையை மட்டும் அது பதிந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ குறியேற்றத்துக்குப் பொருந்தாத பைட்டைக் கண்டவுடன் வினவலையே மறுத்துவிடும். 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் மை எஸ்.க்யூ.எல். தானும் கண்டிப்பு முறையை இயல்பாக்கிக்கொண்டது. பழைய நிரல்கள் பல அன்று புதிதாகப் பிழைகாட்டத் தொடங்கியபோது, கண்டிப்பைத் தளர்த்திவிடுமாறு அறிவுரைகள் பரவின. பிழைச் செய்தி மறைந்ததைப் பிழை மறைந்ததாகக் கொள்ளும் அவ்வறிவுரை ஏற்கத்தக்கதன்று.

இதன் விளைவைப் பழைய நிலப் பத்திரத்தைக் கொண்டு காணலாம். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.டி.எஃப். 8 முறையில் ஓர் எழுத்துக் குறி ஒன்று முதல் நான்கு பைட்களில் அடங்கும். தமிழின் வழக்கமான எழுத்துகளும் மலையாள எழுத்துகளும் மூன்று பைட் கொண்டவை. மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தில் யூ.டி.எஃப். 8 என்று பெயரிடப்பட்ட குறியேற்றம் உண்மையில் மூன்று பைட் வரையே கொள்ளும். நான்கு பைட் கொள்ளும் முழுமையான வடிவம் 2010இல் 5.5.3 பதிப்பில் வேறு பெயரோடு சேர்க்கப்பட்டு, 2018இன் 8.0 பதிப்பில்தான் இயல்பான தேர்வாயிற்று. தமிழ் எழுதுவோர்க்கு இதனால் இழப்பில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது அநேகமாகச் சரியாகவும் இருந்தது. ஆனால் 320இல் ஒரு பங்கான முந்திரி, 80இல் ஒரு பங்கான காணி, 20இல் ஒரு பங்கான மா முதலிய மரபுப் பின்னங்களின் குறியீடுகள் 2019இல் யூனிகோடு 12 பதிப்பில் தமிழ்த் துணைத் தொகுதியாகச் சேர்ந்தபோது, அவை நான்கு பைட் பகுதியில் இடம்பெற்றன. மலையாளப் பின்னங்களோ 2008லும் 2016லும் மலையாளத் தொகுதிக்குள்ளேயே, மூன்று பைட் பகுதியில், சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே பழைய வகைக் குறியேற்றம் கொண்ட ஒரே அட்டவணையில், மலையாளப் பின்னம் உள்ள வரி முழுதாகச் சேரும். தமிழ்ப் பின்னம் உள்ள வரி கண்டிப்பு முறையில் 1366 என்ற பிழையால் மறுக்கப்படும். தாராள முறையில் பின்னக் குறியோடு அதற்குப் பின்னுள்ள உரையும் வெட்டுண்டு சேரும். நிலத்தின் பங்கும் அதைத் தொடர்ந்து வரும் எல்லை விவரமும் அவ்வாறு மறைவது சிறிய இழப்பன்று.

குறியேற்றத்தைச் சரியாக அறிவித்துவிட்டால் போதும் என்ற இக்கட்சியின் நம்பிக்கைக்கும் வரம்பு உண்டு. எங்கே அறிவிப்பது என்பதே தெளிவற்றது. மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தில் கோப்பை நேரடியாக ஏற்றும் கட்டளை, இணைப்புக்கு நிரலாளர் அறிவித்த குறியேற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. கட்டளைக்குள்ளேயே குறியேற்றம் சொல்லப்படாவிட்டால் தரவுத்தளத்தின் இயல்புக் குறியேற்றத்தைக் கொண்டே கோப்பைப் படிக்கிறது. வின்டோஸ் நிரல்கள் சில கோப்பின் தலைப்பில் இடும் மூன்று பைட் நீளமான வரிசைக் குறியும் இவ்வகைத் தொல்லையே. திரையில் தெரியாத அக்குறியோடு கோப்பைப் படித்து வினவலாக அனுப்பினால், கண்ணுக்குப் பிழையே தெரியாத முதல் வரியில் இலக்கணப் பிழை அறிவிக்கப்படும்.

இடமும் அனுமதியும்

மூன்றாம் கட்சி நிர்வாகிகளுடையது. அதன் வாதம் சுருக்கமானது. கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது, அதைப் படிப்பது யார் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பர். வினவலில் எழுதப்பட்ட கோப்புப் பாதையை வழங்கி தன் கணினியில் தேடும். கோப்போ பயனரின் கணினியில் இருக்கும். மை எஸ்.க்யூ.எல். வழங்கி கோப்புகளைக் குறிப்பிட்ட கோப்புறையிலிருந்து மட்டுமே படிக்குமாறு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் 1290 என்ற பிழை எழும். இவை வெளிப்படையானவை. கோப்பின் உள்ளடக்கத்தைத் தரும் ஏற்றுச் செயற்கூறோ, கோப்பு இல்லையென்றாலும், அனுமதி இல்லையென்றாலும், அளவு வரம்பை மீறினாலும், பிழை எதுவும் சொல்லாமல் வெற்று மதிப்பைத் திருப்பித் தருகிறது. அம்மதிப்பு வெறுமையை ஏற்காத நெடுவரிசைக்குள் செல்ல முயலும்போது எழும் செய்தி அந்நெடுவரிசையைப் பற்றியே பேசும். கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அட்டவணை அமைப்பை மாற்றி வெறுமையை அனுமதித்துவிட்டுச் சிக்கல் தீர்ந்ததென்று கருதுவது இங்கே எளிதில் நேரும் தவறு.

இக்கட்சியின் வலு, சரிபார்ப்பு மலிவானது என்பதில் இருக்கிறது. கோப்பின் அளவு, உரிமை, இடம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். ஆகையால் பிற ஆய்வுகளுக்கு முன் இதைச் செய்வது நியாயமே. படிக்கப்பட்ட உள்ளடக்கம் சரியானதா என்பதைப் பற்றி இக்கட்சிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

கோப்பைத் தரவுத்தளத்தில் வைப்பதே தவறு என்போர்

வினவலுக்குள் கோப்பைக் கொண்டுவராமல் அதன் பாதையை மட்டும் சேமித்தால் இச்சிக்கல்கள் எழா என்பது நான்காம் நிலை. ரசல் சியர்ஸ், கேதரின் வான் இங்கன், ஜிம் கிரே ஆகியோர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 2006இல் செய்த ஆய்வு, 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவை தரவுத்தளத்திலும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை கோப்பு முறைமையிலும் இருப்பது நலம் என்ற முடிவுக்கு வந்தது. அவ்வெண்கள் அக்காலக் கருவிகளுக்கு உரியவை. இன்றைக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள முடியாது. பத்திரத்தின் படிமத்தை வெளியே வைக்கலாம். பெயரையும் ஊரையும் பரப்பையும் தேட வேண்டுமானால் அவை உள்ளே வந்தே ஆகவேண்டும். அப்போது முந்தைய மூன்று கட்சிகளின் கேள்விகளும் கூடவே வந்துவிடும்.

பிழை காட்டாத பிழைகள்

மேற்கண்ட நிலைகள் பெரும்பாலும், பிழை என்றால் செய்தி எழும் என்ற அனுமானத்தில் ஒன்றுபடுகின்றன. எல்லைப்புறத் தரவு அந்த அனுமானத்தையே ஐயுற வைக்கிறது.

பூவார் என்ற பெயரை மலையாளத்தில் எழுதினால் அது ரகரச் சில்லெழுத்தில், அதாவது உயிர் ஏறாத மெய்யைக் காட்டும் தனி வடிவத்தில், முடியும். 2008இல் யூனிகோடு 5.1 பதிப்பு வரும்வரை, சில்லெழுத்து அடிப்படை எழுத்தோடு, மெய்யாக்கும் குறியான சந்திரக்கலையும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பியும் சேர்ந்த மூன்று குறிகளின் தொடராகவே சேமிக்கப்பட்டது. அப்பதிப்பு அதற்குத் தனிக் குறி அளித்தது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் உள்ளிட்டோர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். ஒரே எழுத்துக்கு இரு வடிவங்கள் நிலைத்துவிடும் என்பது எதிர்ப்பின் சாரம். அவ்விரு வடிவங்களும் நிகரானவை என்று தரம் அறிவிக்காததால், நிகர்ப்படுத்தும் வழக்கமான செயல்முறை அவற்றை ஒன்றாக்குவதில்லை. பழைய முறையில் பூவார் 21 பைட். புதிய முறையில் 15 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒரே அட்டவணையில் ஏற்றப்பட்டபின், பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுத் தேடும் வினவல் ஒரு பகுதி வரிகளை மட்டும் தரும். பொழியூருக்கும் இதே நிலை. நெய்யாற்றின்கரைக்கு அதன் நடுவிலுள்ள னகரச் சில்லால் இதே நிலை.

தமிழில் சிக்கல் சற்று மென்மையானது. கொல்லங்கோடு என்ற பெயரிலுள்ள ஒகர, ஓகாரக் குறிகளை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த இரட்டைக் குறியாகவும் சேமிக்கலாம். முதல் முறையில் 33 பைட், இரண்டாம் முறையில் 39 பைட். இங்கே இரு வடிவங்களும் நிகரென்று யூனிகோடு அறிவித்திருப்பதால், கோப்பைப் படித்தவுடன் நிகர்ப்படுத்திவிட்டால் வேறுபாடு மறையும். அதைச் செய்யாத நிரலில் வேறுபாடு நீடிக்கும். எழுத்து எண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் அருகருகே கேட்டுப் பார்ப்பதும், மதிப்பைப் பதின்அறும எண்களாக வெளியிட்டுப் பார்ப்பதும் இவ்வகைப் பிழைகளைக் கண்டறிய உள்ள நேரிய வழிகள். இவை தேடிப் போவோர்க்கே உதவும். செய்தி வரும்வரை காத்திருப்போர்க்கு உதவா.

எஞ்சி நிற்பவை

மேற்கோள் குறி பற்றிய வாதம் பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிட்டது. இடமும் அனுமதியும் பற்றிய கேள்விகளுக்கு விடைகள் கையேடுகளிலேயே உள்ளன. குறியேற்றம் பற்றிய கட்சியே இன்னும் கூடுதல் விளக்கத்திறன் கொண்டதாகத் தோன்றுகிறது. எனினும் அதன் கவனம் எழுத்து பைட்டாகும் எல்லையோடு நின்றுவிடுவதால், ஒரே எழுத்துக்குப் பல சரியான பைட் தொடர்கள் இருக்கும் நிலையை அது முழுமையாக எதிர்கொள்ளவில்லை.

சில்லெழுத்தின் இரு வடிவங்களையும் தரவு உள்ளே வரும்போதே ஒன்றாக்குவதா, தேடும்போது மட்டும் ஒன்றாகக் கருதுவதா என்பது தீராத கேள்வி. முதல் வழி மூல ஆவணத்தின் வடிவத்தை மாற்றுகிறது. சான்றாவணமாகப் பயன்படும் பதிவில் அது விரும்பத்தக்கதா என்பது தொழில்நுட்பத்தால் மட்டும் முடிவாகாது. இரண்டாம் வழி ஒவ்வொரு வினவலிலும் அந்த அறிவை எதிர்பார்க்கிறது. மூலத்தைத் தொடாமல் ஒரு நெடுவரிசையிலும், நிகர்ப்படுத்திய வடிவத்தைத் தேடலுக்கென மற்றொரு நெடுவரிசையிலும் வைப்பது இடைவழி. சேமிப்பிடம் கூடுதலாகும் என்பது இன்றைய நிலையில் வலுவான மறுப்பன்று. ஆனால் ஒரே ஊர்ப் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கும்போது அவ்விரண்டையும் ஒன்றெனக் காணும் விதியை எங்கே வைப்பது என்பதற்கு இடைவழியும் விடை தரவில்லை. தாராள முறை நடப்பிலிருந்த ஆண்டுகளில் வெட்டுண்டு சேர்ந்த வரிகளைப் பொறுத்தவரை, மூலக் கோப்பு எஞ்சியிருந்தால் மறுபடி ஏற்றலாம். அது அழிக்கப்பட்டிருந்தால், வெட்டு நேர்ந்ததா என்பதையே தரவுத்தளத்தைக் கொண்டு மட்டும் உறுதிப்படுத்த இயலாது. காகிதத்திலுள்ள பத்திரத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டியிருக்கும்.